முடிகிறது என்பதன் விலை: முடக்குவாதம் அன்றாட வாழ்வைத் தொடும் ஆழத்தை அளப்பது எப்படி?

ஒரு நோய் ஒருவரை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை யார் சொல்ல வேண்டும்? ரத்தப் பரிசோதனை சொல்லலாம். எக்ஸ்ரே சொல்லலாம். மூட்டுகளை அழுத்திப் பார்க்கும் மருத்துவர் சொல்லலாம். ஆனால் காலையில் குடத்தைத் தூக்க முடிந்ததா, பிள்ளைக்குத் தலை பின்ன முடிந்ததா, ரயில் ஏற முடிந்ததா என்பதை நோயாளி மட்டுமே சொல்ல முடியும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர்களும், முடக்குவாதம், சரவாங்கி என்று நம் வீடுகளிலும் வழங்கும் நோயின் ஆராய்ச்சி இந்த எளிய உண்மைக்கு வந்துசேர நீண்ட காலம் பிடித்தது. வந்துசேர்ந்த பிறகும் கேள்விகள் மிச்சமிருக்கின்றன. நோயாளியிடம் எதைக் கேட்பது, யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்துக் கேட்பது, அவர் தரும் பதிலை எப்படி எண்ணாக மாற்றுவது?

உலக அளவில் இதற்காக உருவான அளவுகோல்களையும் இந்தியாவில் அவை பெற்ற வடிவங்களையும் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் வேலை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மும்பையின் மூன்று தமிழ்ப் பகுதிகளின் அன்றாடத்தில் அவற்றை வைத்துச் சோதிப்பது இரண்டாவது வேலை. இன்றுள்ள அளவுகோல்கள் "முடிகிறதா?" என்று கேட்கின்றன. "முடிவதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?" என்று அவை போதுமான அளவு கேட்பதில்லை. இதுவே நான் வந்தடையும் முடிவு.

நோயும் அதன் காலைப்பொழுதும்

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் வழிதவறி, மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது முடக்குவாதம். வயதானால் முழங்கால் தேய்வது வேறு, இது வேறு. விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி போன்ற சிறிய மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக இது தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பலருக்கும் வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் நடுவயதில் வருகிறது.

இந்த நோயின் முத்திரை காலை விறைப்பு. எழுந்தவுடன் கைகள் மடங்காது. அது இளகவே ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தெருக்குழாயில் தண்ணீர் வருவதும், இட்லி அடுப்பு ஏற்றப்படுவதும், பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவதும் அதே நேரத்தில்தான். பிற்பகலில் ஓ.பி.டி.க்கு வரும் நோயாளியின் கை ஓரளவு இளகியிருக்கும். ஆகவே மருத்துவர் பார்க்கும் கையும் வீட்டார் பார்க்கும் கையும் ஒன்றல்ல.

டெல்லிக்கு அருகே பல்லப்கட் பகுதியில் நடந்து 1993இல் வெளிவந்த மாளவியா குழுவினரின் ஆய்வு, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. புனே மாவட்டத்தின் பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ரா 1996இல் தொடங்கிய ஆய்வில் அது சுமார் அரை விழுக்காடு. ஆயிரம் பெரியவர்களில் ஐந்து முதல் ஏழு பேர் என்று கொண்டால், தாராவி போன்ற நெருக்கமான பகுதியில் சில ஆயிரம் பேர் இந்த விறைப்போடு விடிகிறார்கள் என்று பொருள்.

வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் விரல்கள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். அதற்கு மருந்து போதுமா, கூட்ட வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்பதைக் குறித்த இடைவெளியில் அளந்து பார்க்க வேண்டும். 2010இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகள் இதைத்தான் வலியுறுத்தின: இலக்கு ஒன்றை முன்வைத்து, அதை எட்டும் வரை சிகிச்சையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். அளவுகோல் தவறினால் சிகிச்சையும் தவறும்.

மருத்துவரின் கண்ணிலிருந்து நோயாளியின் வாய்க்கு

முதலில் அளந்தவர் மருத்துவர். 1949இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டைன்பிராக்கரும் அவரது சகாக்களும் நோயாளிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். எல்லா வேலையும் தடையின்றிச் செய்பவர் முதல் வகுப்பு. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர் நான்காம் வகுப்பு. இந்த வகுப்புகள் எளிமையானவை, ஆனால் ஒவ்வொன்றும் மிக அகலமானவை. சிரமப்பட்டாவது வழக்கமான வேலைகளைச் செய்பவர்கள் எல்லாரும் இரண்டாம் வகுப்பில் வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு மாத மருந்துக்குப் பிறகு மீண்டும் கூந்தலை அள்ளி முடியத் தொடங்கினாலும் அவள் இரண்டாம் வகுப்பிலேயே இருப்பாள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பையைச் சற்றே ஊதி, அதை நோயாளியைப் பிடித்து அழுத்தச் சொல்லி, பாதரசம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. கைப்பிடியின் வலுவை அது சொன்னது. அந்த வலுவால் என்ன செய்ய முடிகிறது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

திருப்பம் 1980இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவரது குழுவினரும் 'ஹெல்த் அசெஸ்மென்ட் கொஸ்டினேர்' என்ற வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். சுருக்கமாக ஹெச்.ஏ.க்யூ. அதே ஆண்டில் பாஸ்டனில் ராபர்ட் மீனன் குழுவினரின் பட்டியலும் வந்தது. நோயாளியே பதில் எழுத வேண்டும் என்பதுதான் இரண்டின் புதுமையும்.

இன்று உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெச்.ஏ.க்யூ. என்பதால் அதன் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உடுத்துதல், எழுந்திருத்தல், சாப்பிடுதல், நடத்தல், சுத்தம், எட்டி எடுத்தல், பிடித்தல், வெளிவேலை என்று எட்டுப் பிரிவுகள். அவற்றுக்குள் 20 கேள்விகள். கடந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, மிகுந்த சிரமம் 2, முடியவே இல்லை என்றால் 3. ஒவ்வொரு பிரிவிலும் உள்ளவற்றில் மோசமான பதிலே அப்பிரிவின் மதிப்பெண். பிறர் உதவியோ ஊன்றுகோல் போன்ற துணைக்கருவியோ தேவைப்பட்டால் அந்தப் பிரிவின் மதிப்பெண் குறைந்தது 2 ஆக உயர்த்தப்படும். எட்டையும் கூட்டி எட்டால் வகுத்தால் 0 முதல் 3 வரை ஓர் எண் கிடைக்கும். ஒரு பிரிவு ஒரு படி மாறினால் மொத்தத்தில் 0.125 மாறும். ஏறத்தாழ 0.22 மாறினால்தான் நோயாளி தன் வாழ்வில் மாற்றத்தை உணர்கிறார் என்பது சிகிச்சை ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதாவது, இரண்டு பிரிவுகளாவது ஒவ்வொரு படி இறங்க வேண்டும்.

நோயாளியின் சொல்லை நம்பி எண்ணாக்கலாமா என்ற ஐயம் அப்போது இருந்தது. அதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் தியோடர் பிங்கஸ். நோயாளி நிரப்பிய வினாப்பட்டியலில் செயல்திறன் மோசமாக இருந்தவர்கள் விரைவில் இறந்துபோவதை 1980களிலிருந்து அவர் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. வரப்போகும் ஆபத்தை எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் விடத் தெளிவாக அந்தப் பதில்கள் முன்னுரைத்தன. "என்னால் முடியவில்லை" என்ற சொல் மருத்துவத் தகவல் என்பது இப்படி நிலைநாட்டப்பட்டது. செயல்திறன், வலி, நோயாளியின் ஒட்டுமொத்தக் கணிப்பு ஆகிய மூன்றை மட்டும் கூட்டி 30க்கு மதிப்பிடும் ராபிட்3 என்ற சுருக்க அளவையும் அவரது பங்களிப்பே. அதை நிரப்பச் சில நிமிடங்கள் போதும்.

மருத்துவமனைகளில் இதற்கு இணையாகப் புழங்குவது டாஸ்28. இருபத்தெட்டு மூட்டுகளில் வீக்கம், வலி, ரத்தத்தில் அழற்சியின் அளவு, நோயாளியின் பொதுக் கணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வரும் எண் அது. 5.1க்கு மேல் போனால் நோய் உக்கிரம், 2.6க்குக் கீழ் வந்தால் தணிந்த நிலை. நோயின் வேகத்தை அளக்க நல்ல கருவி. ஆனால் அந்த 28 மூட்டுகளில் கணுக்காலும் பாதமும் இல்லை. கைகள் தணிந்து பாதம் வீங்கியிருக்கும் பெண்ணுக்கு அந்த எண் நல்ல செய்தியே சொல்லும். நாள் முழுதும் நின்று முறுக்கு சுடுபவளுக்கோ, மேடுபள்ளமான சந்துகளில் செருப்பில் நடப்பவளுக்கோ அந்தச் செய்தியால் பயனில்லை.

கேள்விக்குள் ஒரு வீடு இருக்கிறது

ஹெச்.ஏ.க்யூ.வின் மூலக் கேள்விகளைப் படித்தால் ஓர் அமெரிக்க வீடு கண்முன் எழும். புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா? இறைச்சியை வெட்ட முடிகிறதா? குளியல் தொட்டியில் குளிக்க முடிகிறதா? காரின் கதவைத் திறக்க முடிகிறதா? வாக்குவம் கிளீனரால் வீட்டைச் சுத்தம் செய்யவோ தோட்டவேலை பார்க்கவோ முடிகிறதா? அந்த வீட்டில் வாழ்பவர்களுக்கு இவை சரியான கேள்விகள். தொட்டியும் தோட்டமும் காரும் இல்லாத ஒருவர் இவற்றுக்கு எதைச் சொல்வது? "பொருந்தாது" என்று விட்டால் கணக்கு குறைபடும். ஊகித்துச் சொன்னால் அளப்பது அவரது கற்பனையாகிவிடும்.

இந்தியாவில் இதைச் சரிசெய்த முயற்சிகளில் முதன்மையானது டெல்லியிலிருந்து வந்தது. ஏ. குமார், ஏ. என். மாளவியா உள்ளிட்ட குழுவினர் 2002இல் இந்திய வடிவத்தை வெளியிட்டார்கள். 12 கேள்விகள் கொண்டது அது. சேலையோ சல்வாரோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா? கழிப்பறையில் குந்தவோ தரையில் சம்மணமிட்டு உட்காரவோ முடிகிறதா? ஆட்டோவிலோ ரிக்‌ஷாவிலோ ஏறி இறங்க முடிகிறதா? காய்கறிச் சந்தைக்குப் போய் வாங்கிவர முடிகிறதா? மூன்று கிலோமீட்டர் நடக்க முடிகிறதா? கேள்விகள் நம் வாழ்க்கைக்கு வந்துவிட்டதை யாரும் உணரலாம். புனேயில் சோப்ராவின் வாதநோய் மையமும் தன் நோயாளிகளுக்கேற்பத் தழுவிய வடிவத்தைப் பயன்படுத்தி வருகிறது.

ஒரு வினாப்பட்டியலைப் புதிய மண்ணுக்குக் கொண்டுவருவது பெரிய வேலை. மொழிபெயர்த்தவர் ஒருவர், அதை மீண்டும் மூல மொழிக்குத் திருப்பி ஒப்பிடுபவர் இன்னொருவர். பிறகு நோயாளிகளிடம் கொடுத்து, கேள்வி புரிகிறதா என்று பார்க்க வேண்டும். நிலைமை மாறாத ஒருவர் சில நாள் கழித்து அதே பதிலைத் தருகிறாரா, உடல் மோசமானவருக்கு எண்ணும் மோசமாகிறதா, சிகிச்சையில் தேறும்போது எண் இறங்குகிறதா என்று மூன்று விதத்தில் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைகளைத் தாண்டிய பட்டியலை மட்டுமே மருந்தை மாற்றும் முடிவுக்கு நம்பலாம்.

பிக்வான் ஆய்வு இன்னொரு பாடத்தைத் தந்தது. உலக சுகாதார நிறுவனமும் வாதநோய்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் 1981இல் தொடங்கிய காப்கார்ட் திட்டத்தின்படி, அந்த ஆய்வில் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சுமார் 4,000 பெரியவர்களைக் கேட்டதில் 18 விழுக்காட்டினர் தசை, மூட்டு வலிகள் இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவமனை வாசலைத் தொடாதவர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். புனே சோலாப்பூர் பாதையில், மும்பையிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரயில்கள் கடக்கும் ஊர் அது. மும்பைத் தமிழர் பலரும் விடுமுறைப் பயணத்தில் ஜன்னல் வழியே பார்த்திருக்கக்கூடிய ஊர். வலியைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனால்தான் அது கணக்கில் வரும் என்பதை அந்த ஊர் மெய்ப்பித்தது.

தாராவியின் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினர் தோல் பதனிடும் வேலைக்காக வந்து குடியேறிய இடம் தாராவி. பதனிடும் தொழில் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. தோல் பை தைப்பது, முறுக்கு பிழிவது, இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்பது, அப்பளம் தேய்ப்பது போன்றவை தொடர்கின்றன. இவை எல்லாம் விரலையும் மணிக்கட்டையும் நம்பிய தொழில்கள். முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் அவற்றைத்தான்.

இங்கே பெரும்பாலான வீடுகள் சிறியவை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியவை. மேல்தளத்துக்குப் போக, செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. அதைப் பிடித்து ஏறக் காலைவிடக் கை அதிகம் வேண்டும். ஹெச்.ஏ.க்யூ. கேட்பது ஐந்து படிகளை. இந்திய வடிவம் கேட்பது ஒரு மாடிப்படியை. ஏணியை எந்தப் பட்டியலும் கேட்கவில்லை. தண்ணீர் நாளில் சில மணி நேரமே வரும். அதற்குள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்க வேண்டும். குழாயைத் திருக முடிகிறதா என்பது பட்டியலில் இருக்கிறது. நிரம்பிய குடத்தைச் சந்து வழியே தூக்கி வர முடிகிறதா என்பது இல்லை. பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கிறார்கள். அதனால் குந்த முடிகிறதா என்பது பாதிக் கேள்வி. வாளியோடு நடந்து போய், வரிசையில் நின்று, பிடிமானம் இல்லாத இடத்தில் குந்தி எழுந்து திரும்ப முடிகிறதா என்பதே முழுக் கேள்வி. இதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்ணை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்காத ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. முன்பு ஒரு நாளில் எத்தனை கிலோ முறுக்கு பிழிந்தேன், இப்போது எத்தனை? முன்பு எத்தனை பை தைத்தேன், இப்போது எத்தனை? வாரக் கூலிக் கணக்கு எழுதிய சிறு நோட்டுப் புத்தகம், கைகளின் நிலையை மாதாமாதம் பதிந்த ஆவணம். வேலையிழப்பை அளக்கும் வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் விடுப்பு நாட்களையும் அலுவலக நேரத்தையும் கேட்பவை. வீட்டுக்குள்ளேயே கூலிவேலை செய்பவளுக்கு விடுப்பு கிடையாது. குறைந்த உற்பத்தி மட்டுமே உண்டு.

மாட்டுங்காவும் செம்பூரும்

மாட்டுங்காவின் கதை வேறு. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள் பல இருக்கின்றன. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் முதிய பெண்மணிக்கு வீட்டுக்குள் எல்லாமே முடியலாம். வீடு தேடிப் பால் வரும், மருந்தும் வரும். அவரது மதிப்பெண் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர் பஜனைக்குப் போய் மாதங்கள் ஆகியிருக்கும். ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு ஓராண்டு ஆகியிருக்கும். உடல் செய்யக்கூடியது ஒன்று, ஒருவர் சமூகத்தில் கலந்து வாழ்வது மற்றொன்று. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது; படிக்கட்டு போன்ற சூழலையும் கணக்கில் சேர்த்தது. மாட்டுங்காவுக்குப் பொருந்தும் கேள்விகள் அந்த வகைப்பாட்டிலிருந்து பிறக்க வேண்டும்.

கோலம் போடுவது, பூக் கட்டுவது, வீணை மீட்டுவது போன்றவையும் அன்றாடமே. பூ மார்க்கெட்டில் கட்டுபவளுக்கு அது பிழைப்பு. வீட்டில் கட்டுபவளுக்கு அது பூஜை. இரண்டு பேருக்கும் தேவை, நூலைச் சுண்டி முடிச்சிடும் விரல் நுனி. கைப்பிடி வலுவை அளக்கும் கருவிக்கு இந்த நுணுக்கம் தெரியாது.

செம்பூரில் ஆலைப் பணியாளர்கள், அரசு ஊழியர்கள், டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள், தினமும் ஹார்பர் லைனில் வேலைக்குப் போகும் பெண்கள் என்று பலவகையினர் வாழ்கிறார்கள். லோக்கல் ரயிலில் ஏறுவது அவர்களுக்கு நாளின் முதல் பரீட்சை. சில நொடிகளே நிற்கும் வண்டியில், கூட்டத்தில், கம்பியைப் பிடித்து ஏறி, குர்லாவில் மாறி, நின்றபடி பயணம் செய்ய வேண்டும். ஆட்டோவில் ஏற முடிகிறதா என்ற இந்திய வடிவத்தின் கேள்வி இதற்கு ஈடாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. ஆனால் விரல்கள் இன்னும் கோணாத முடக்குவாத நோயாளியைப் பார்த்தால் நோய் தெரியாது. சான்றிதழும் அவரிடம் இருக்காது. வார இறுதியில் செட்டா நகர் முருகன் கோயிலின் படிகள் அடுத்த பரீட்சை. "படியேற முடிகிறதா?" என்ற கேள்வியைவிட "கடைசியாக எப்போது கோயிலுக்குப் போனீர்கள்?" என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரும்.

இந்த நகரத்துக்கு மழைக்காலம் என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தண்ணீர் தேங்கும் வாரத்தில் ஹெச்.ஏ.க்யூ. நிரப்பினால் எண் ஏறும். அது நோய் முற்றியதைக் குறிக்காது. வாரம் கடுமையாக இருந்ததைக் குறிக்கும். கடந்த வாரத்தை மட்டும் கேட்கும் கருவியின் எண்ணைப் படிக்கும்போது அது எந்த மாதம் நிரப்பப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும்.

சோர்வு, தூக்கம், மனம்

நீண்ட காலம் ஆராய்ச்சியாளர்கள் வலியையும் மூட்டையும் மட்டுமே எண்ணினார்கள். 1993இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி வகுத்த ஏழு அடிப்படை அளவுகளில் சோர்வு இல்லை. 1992இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் தொடங்கிய ஓமராக்ட் என்ற சர்வதேச ஆய்வரங்கு, 2002இல் முதன்முறையாக நோயாளிகளையே பங்கேற்பாளர்களாக அழைத்தது. வந்தவர்கள் எழுப்பிய முதன்மையான செய்தி சோர்வு. தூங்கி எழுந்தாலும் தீராத, உடம்பை அடித்துப் போட்டாற்போன்ற அந்த அயர்ச்சியை நீங்கள் ஏன் அளப்பதில்லை என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில் சோர்வையும் அளக்க வேண்டும் என்று அந்த அரங்கு பரிந்துரைத்தது. நோயாளிகளை மேசைக்கு அழைத்ததால் அறிவியல் தன் குறையைக் கண்டது. இதைவிட நல்ல சான்று இத்துறையில் இல்லை.

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் ரெய்ட் என்ற அளவுகோல் இந்த வழியில் வந்தது. வலி, செயல்திறன், சோர்வு, தூக்கம், உடல்நலம், மனநலம், சமாளிக்கும் திறன் என்று ஏழு கூறுகளை நோயாளிகளோடு கலந்தே தேர்ந்து, அவர்கள் தரும் முக்கியத்துவத்துக்கேற்ப எடையும் இட்டார்கள்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய வினாப்பட்டியலில் தமிழருக்கு ஒரு பங்கு உண்டு. ஒரே நேரத்தில் பல பண்பாடுகளில் கேள்விகளை உருவாக்க உலகெங்கும் தேர்ந்த மையங்களில் டெல்லியோடு சென்னையும் ஒன்று. அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உடல், மனம், உறவுகள், சூழல் என்ற நான்கு துறைகளைத் தொடுகிறது. வேறு இடத்தில் எழுதிய கேள்வியைத் தமிழாக்குவதற்குப் பதிலாக, தமிழ் பேசும் மக்களிடமிருந்தே கேள்வியை எடுக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

பெண்களின் வாழ்வில் பட்டியல்கள் தொடாத பகுதிகள் இன்னும் உள்ளன. கைக்குழந்தையைத் தூக்குவது, பாலூட்டும்போது பிடித்துக்கொள்வது, மெத்தோட்ரெக்சேட் எடுப்பதால் கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது, கல்யாணப் பேச்சில் நோயை மறைப்பது போன்றவற்றை ஹெச்.ஏ.க்யூ. கேட்பதில்லை. முடக்குவாதம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அதன் வேர்களைத் தேட இத்தகைய கேள்விகளும் வேண்டும்.

செய்கிறாள் என்றால் முடிகிறது என்று பொருளா?

இக்கட்டுரையின் மையம் இதுதான். ஒரே அளவு வீங்கிய கைகளோடு இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி வீட்டில் துணி துவைக்க ஆளுண்டு. அவள் "மிகுந்த சிரமம்" என்று சொல்கிறாள். மற்றொருத்தி வீட்டில் வேறு ஆளில்லை. விடியற்காலையில் எழுந்து, வெந்நீரில் கையை முக்கி இளக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு துவைத்துவிடுகிறாள். கேட்டால், "கொஞ்சம் கஷ்டம்தான், செஞ்சுடுறேன்" என்கிறாள். எண்ணைப் பார்த்தால் இரண்டாமவள் நலம். மருந்தைக் கூட்ட வேண்டியது முதலாமவளுக்கு மட்டும் என்றே மருத்துவர் முடிவெடுப்பார். வேறு வழியில்லாதவர்களின் உழைப்பு அவர்களுடைய நோயையே மறைத்துவிடுகிறது. ஏழைகளின் மதிப்பெண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது இதனால்தான்.

உதவியைக் கணக்கிடுவதிலும் இதே கோளாறு. பிறர் உதவி வாங்கினால் மதிப்பெண் உயரும் என்று ஹெச்.ஏ.க்யூ. சரியாகவே விதித்திருக்கிறது. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் மருமகள் தண்ணீர் எடுப்பதும், மகள் பள்ளிக்குப் போகாமல் சமைப்பதும் உதவியாகச் சொல்லப்படுவதில்லை. "யாராவது உதவுகிறார்களா?" என்றால் "இல்லை" என்று வரும். "காலையில் தண்ணீர் எடுத்தது யார்?" என்றால் உண்மை வரும்.

நாளடைவில் எதிர்பார்ப்பு சுருங்குவதும் உண்டு. கோலத்தை விட்டவள், சந்தைக்குப் போவதை விட்டவள், உறவினர் வீட்டு விசேஷங்களை விட்டவள், மிஞ்சிய சிறு வட்டத்துக்குள் "பரவாயில்ல டாக்டர்" என்கிறாள். நோய் மாறாமலே எண் நல்லதாகும். நோயாளியின் உள்ளே இருக்கும் அளவுகோலே இடம்பெயர்ந்ததை ஒற்றை எண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு ஒரு வழியைக் கனடாவின் பீட்டர் டக்வெல் குழுவினர் 1987இலேயே காட்டினார்கள். மெக்டார் என்ற அவர்களது முறையில் கேள்விகளைத் தேர்பவர் நோயாளி. நோயால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று, அவற்றில் எது திரும்ப வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சில செயல்களைச் சொல்வார். சிகிச்சைக்குப் பிறகு அவற்றையே கேட்பார்கள். தாராவிக்காரர் குடத்தையும் ஏணியையும் சொல்வார். மாட்டுங்காக்காரர் மூன்று மாடியையும் கச்சேரியையும் சொல்வார். செம்பூர்க்காரர் ரயிலைச் சொல்வார். ஆளுக்கு ஆள் வேறுபடும் பட்டியல்களை ஒப்பிடுவது கடினம் என்பது இதன் குறை. ஆனால் ஒருவரை அவரோடே ஒப்பிட இதைவிடச் சிறந்த முறை இல்லை.

என்ன செய்யலாம்

இந்தப் பரிசீலனையிலிருந்து சில முடிவுகள் தெளிவாக வருகின்றன. இந்திய ஹெச்.ஏ.க்யூ. அல்லது ராபிட்3 போன்ற பொது அளவு ஒன்றை விடக் கூடாது. டெல்லியோடும் புனேயோடும் உலகோடும் ஒப்பிட அது தேவை. அதன்கூட நோயாளியே தேர்ந்த மூன்று அல்லது ஐந்து செயல்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் "முடிகிறதா?" என்பதோடு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரம் ஆகிறது? உங்களுக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்? செய்த மறுநாள் உடம்பு எப்படி இருந்தது? இவையே விலையைக் கேட்கும் கேள்விகள். சோர்வுக்கும் தூக்கத்துக்கும் ஒவ்வொரு கேள்வி. செருப்பைக் கழற்றி, பாதங்களையும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் நோயாளிகள் கேஸ் பேப்பரோடு நெடுநேரம் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த செவிலியரோ சுகாதாரத் தொண்டரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். எழுத்தறியாதவரிடம் 100 மில்லிமீட்டர் கோட்டைக் காட்டி வலியைக் குறிக்கச் சொல்வதைவிட, 0 முதல் 10 வரை வாயால் சொல்லச் சொல்வது எளிது. கேட்பவர் மகனாகவோ மருமகளாகவோ இருக்கக் கூடாது. அவர்கள் முன்னிலையில் பல பெண்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். விடைகளை அதே கேஸ் பேப்பரில் தேதியோடு எழுதினால், அடுத்த முறை வேறு மருத்துவர் இருந்தாலும் அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முடக்குவாதத்துக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவை யாருக்கு, எப்போது, எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அளவுகோல். வசதியுள்ளவரின் வாழ்க்கையை மட்டும் அறிந்த அளவுகோல், வசதியில்லாதவரின் சகிப்பை ஆரோக்கியம் என்று எழுதிவிடும். அந்தப் பிழை எண்ணோடு நிற்காது; மருந்து மறுக்கப்பட்ட கையில், சில ஆண்டுகளில் திரும்ப நேராகாத விரல்களாக முடியும். ஆகவே சரியான கேள்வியைக் கேட்பது சிகிச்சையின் முதல் படி. தண்ணீர் தூக்கும், ஏணி ஏறும், ரயில் பிடிக்கும் மக்களோடு உட்கார்ந்து அந்தக் கேள்விகளை எழுதும் பொறுப்பு, மும்பையின் மருத்துவர்களுக்கும் அவர்களை நம்பிவரும் தமிழ்ச் சமூகத்துக்கும் சமமாகவே இருக்கிறது.